மண்ணுள் மறைந்த திருமேனிகளைப் பேணும் முறை

(திருக்கோயில் பணியாளர்களுக்கான புத்தொளிப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று எனக்குத் தரப்பெற்ற பொருள், மண்ணிலிருந்து வெளிப்படும் தொல்பொருள்களை அகழ்ந்த இடத்திலும் ஆய்வகத்திலும் பாதுகாப்பது எவ்வாறு என்பதாகும். இஃது அருங்காட்சியகத்தாருக்கும் தொல்லியல் துறையினருக்கும் உரிய செய்தியன்றோ, திருக்கோயிலில் பணிபுரியும் நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். தமிழகத்தில் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட ஐம்பொன் திருமேனிகளில் பெரும்பகுதி ஆய்வாளர் அகழ்ந்து கண்டவை அல்ல. மதிலுக்குக் கடைக்கால் தோண்டியவர்களும், யாகசாலைக்குக் குழி எடுத்தவர்களும், வயலை உழுதவர்களுமே அவற்றை முதலிற் கண்டார்கள். எனவே, அத்திருமேனிகளைத் தொடும் முதற் கைகள் உங்கள் கைகளே. அக்கைகள் செய்யும் செயலைப் பொறுத்தே அவற்றின் பிற்கால வாழ்வு அமைகின்றது.

மறைத்து வைத்த மரபு

திருமேனிகள் ஏன் மண்ணுள் மறைந்தன? அவற்றுள் மிகப் பல அச்சம் நேர்ந்த காலத்தில் அன்பர்கள் தாமே மறைத்து வைத்தவை. 1311ஆம் ஆண்டு மாலிக் கபூரின் படை மதுரை வரை வந்தது. அதன் பின்னரும் 18ஆம் நூற்றாண்டு வரை போர்களும் கொள்ளைகளும் நிகழ்ந்தன. அக்காலங்களில் திருமேனிகளைக் காக்க, நிலத்தைத் தவிர வேறு பாதுகாப்பான அறை இருந்ததில்லை. ஆபத்துக் காலத்தில் திருமேனிகளை மறைவிடத்தில் புதைத்து வைக்கும் முறையினை வைகானச ஆகம நூலாகிய விமானார்ச்சனா கல்பம் எடுத்துரைக்கின்றது. ஆதலின் மறைத்து வைத்தலும் ஒரு வழிபாடாகவே கருதப்பெற்றது. மறைத்தவர்கள் மீண்டும் வந்து எடுக்க இயலாமற் போனமையால், அப்பொறுப்பு பல தலைமுறைகளைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்துள்ளது.

திருவெண்காட்டு மண்ணில் கிடைத்த இடபவாகன தேவர் திருமேனி, இன்று தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் உலகோர் வியந்து காணும் வண்ணம் எழுந்தருளியுள்ளது. 1987இல் விழுப்புரம் பகுதியைச் சேர்ந்த எசாலம் சிவாலயத்தில் முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகளும் திருமேனிகளும் வெளிப்பட்டன. அண்மையில், 2023 ஏப்ரலில், சீகாழிச் சட்டைநாதர் திருக்கோயிலில் குடமுழுக்குக்காக யாகசாலை அமைக்க மண் எடுத்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. ஞானசம்பந்தப் பெருமான் அவதரித்த தலத்திலேயே தேவாரச் செப்பேடுகள் வெளிப்பட்டமை அடியார் உள்ளங்களை உருக்கிற்று. இத்தகைய நிகழ்ச்சி நாளை உங்கள் திருக்கோயிலிலும் நிகழலாம். அந்நாளுக்கு நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

மண் காத்ததும் காற்று கெடுப்பதும்

மண்ணுள் கிடந்த பொருள் நாள்தோறும் கெட்டுக்கொண்டே இருக்கும், வெளியே எடுத்துவிட்டால் பிழைத்துவிடும் என்பது பொதுவான எண்ணம். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. ஒரு பொருள் புதைந்தவுடன் மண்ணின் ஈரம், உப்பு, புளிப்பு ஆகியவற்றால் விரைவாக மாறுதல் அடைகின்றது. சில ஆண்டுகள் கழிந்தபின் அப்பொருளும் சூழ்ந்துள்ள மண்ணும் தம்முள் ஒரு சமநிலையை எய்துகின்றன. அதன்பின் நூற்றாண்டுகள் கழிந்தாலும் மாறுதல் மிகச் சிறிதே. நாம் மண்ணை அகற்றும் அந்த நொடியில் அச்சமநிலை குலைகின்றது. காற்றிலுள்ள உயிர்வளி, வெளிச்சம், வெப்பம், ஈரப்பத மாற்றம் ஆகிய அனைத்தும் ஒருங்கே தாக்குகின்றன.

சீன நாட்டின் சியான் நகருக்கு அருகே 1974இல் கண்டறியப்பெற்ற சுடுமண் வீரர் உருவங்களை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். இன்று மண்நிறமாகத் தோன்றும் அவ்வுருவங்கள் முற்காலத்தில் வண்ணம் தீட்டப்பெற்றவை. வண்ணத்துக்கு அடியில் பூசிய அரக்குப் படலம், ஈர மண்ணிலிருந்து வெளிப்பட்ட சில நிமிடங்களுக்குள் உலர்ந்து சுருண்டு, வண்ணத்தையும் உடன்கொண்டு உதிர்ந்துபோயிற்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண் காத்துத் தந்ததைக் காற்று சில நிமிடங்களில் கொண்டு சென்றது.

களிம்பு இருவகை

செம்புக்குக் களிம்பு உடன்பிறந்தது என்பது சைவ சித்தாந்தம் பயின்றோர் நன்கறிந்த உவமை. ஆன்மாவைப் பற்றிய ஆணவமலத்துக்குச் செம்பிற் களிம்பைப் பெரியோர் ஒப்பிட்டனர். உலோகங்களை ஆராயும் வேதியியலார் அக்களிம்பினை இருவகையாகப் பிரித்துக் காண்கின்றனர். ஒன்று காக்கும் களிம்பு, மற்றொன்று தின்னும் களிம்பு.

ஐம்பொன் என்று நாம் வழங்கும் கலவையில் பெரும்பங்கு செம்பே. அதனோடு வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்திருக்கும். இக்கலவை மண்ணில் கிடக்கும்போது முதலில் உலோகத்தை ஒட்டிச் செந்நிறமான செம்பு ஆக்சைடு படலம் தோன்றும். அதன்மேல் பசுமையான செம்பு கார்பனேட்டுப் படலம் படியும். கெட்டியாகவும் வழவழப்பாகவும் அமைந்த இப்பசும்படலம் உள்ளிருக்கும் உலோகத்துக்குக் கவசம். திருமேனியின் அணிகலன், ஆடை மடிப்பு, நகக்கண் போன்ற நுண்ணிய வேலைப்பாடுகள் பல வேளைகளில் அப்படலத்தின் உள்முகத்திலேயே பதிந்திருக்கும். அதனைச் சுரண்டி எறிந்தால் சிற்பியின் கைத்திறனையே சுரண்டி எறிந்ததாகும்.

தின்னும் களிம்பு வேறு. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உள்ள உப்பிலிருந்து குளோரைடு உலோகத்துக்குள் ஊடுருவிச் செம்போடு கூடி, மெழுகு போன்ற வெளிறிய படிவமாகப் பசும்படலத்துக்கு அடியில் தங்குகின்றது. மண்ணுள் காற்றில்லாதவரை அஃது உறங்குகின்றது. வெளியே வந்து ஈரக்காற்றுப் பட்டவுடன் விழித்துக்கொள்கின்றது. ஈரமும் உயிர்வளியும் சேர்ந்து அதனை வெளிர்பச்சைப் பொடியாக மாற்றுகின்றன. அம்மாற்றத்தில் ஓர் அமிலமும் பிறக்கின்றது. அவ்வமிலம் அடுத்துள்ள நல்ல செம்பை அரித்து மீண்டும் அதே குளோரைடு படிவத்தை உண்டாக்குகின்றது. அது மறுபடியும் பொடியாகின்றது. இவ்வாறு சுழற்சி தொடர்ந்து, உறுதியாகத் தோன்றும் திருமேனி உள்ளிருந்தே பொடிந்துபோகும். இதற்கு வெண்கல நோய் என்று பெயர்.

இந்நோயை அறிவது கடினமன்று. கெட்டியான கரும்பச்சைப் பரப்பின் இடையே, மாவு தூவியது போல வெளிர்பச்சைப் புள்ளிகள் தோன்றும். விரலால் தொட்டால் பொடி ஒட்டும். துடைத்த இடத்தில் சில நாட்களில் மீண்டும் தோன்றும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 42 என்னும் அளவுக்கு மேற்பட்டால் இந்நோய் கிளர்ந்தெழும் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். நம் கடற்கரை ஊர்களிலும் காவிரிப் படுகையிலும் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் 60க்கும் மேல். ஆகையால் நம் நாட்டில் மண்ணிலிருந்து எடுத்த திருமேனிக்கு இந்நோய் வரும் என்று கொண்டே நடத்தல் வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

மண்வெட்டி உலோகத்தில் பட்டு ஓசை எழுந்த நொடியில் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, வேலையை நிறுத்துதல். திருமேனி தனித்துக் கிடப்பது அரிது. ஒன்று தெரிந்தால் அதனருகே பல இருக்கும். மண்வெட்டியும் கடப்பாரையும் இயந்திரமும் அவ்விடத்தைவிட்டு விலகட்டும். மேலே பந்தலோ கீற்றோ அமைத்து வெயிலும் மழையும் படாதவாறு செய்யுங்கள்.

இரண்டாவது, உடனே அறிவித்தல். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி, நிலத்துள் மறைந்து கிடந்து வெளிப்படும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எப்பொருளையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். வட்டாட்சியர் வழியாகவும், துறையின் மேலலுவலர் வழியாகவும் இதனைச் செய்யலாம். அறிவித்தால் திருமேனியை எடுத்துச் சென்றுவிடுவார்களே என்னும் அச்சத்தால் சில ஊர்களில் மறைக்கின்றார்கள். மறைத்த திருமேனிக்குப் பதிவும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. களவு போனால் இது நம்முடையது என்று காட்டச் சான்றும் இல்லை.

மூன்றாவது, கிடந்த நிலையைப் பதிவு செய்தல். எடுப்பதற்கு முன் நிழற்படம் எடுங்கள். அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து எடுத்தல் நலம். எத்தனை அடி ஆழம், முகம் எத்திசை, மல்லாந்திருந்ததா கவிழ்ந்திருந்ததா, உடன் கிடைத்த மணி, தூபக்கால், விளக்கு, ஓடு, செங்கல் எவை என்பனவற்றை ஓர் ஏட்டில் எழுதுங்கள். புதைத்தவர் யார், எப்போது, எவ்வளவு விரைவில் புதைத்தனர் என்பதை அறிய இக்குறிப்புகளே துணை. மண்ணை ஒருமுறை கலைத்துவிட்டால் மீண்டும் அதனைப் படிக்க இயலாது.

நான்காவது, முறையாக எடுத்தல். கையையோ, திருவாசியையோ, சடையையோ பற்றித் தூக்குதல் கூடவே கூடாது. உள்ளே அரிக்கப்பெற்ற உலோகம் மட்பாண்டம் போல முறியும். சுற்றிலும் உள்ள மண்ணை மூங்கிற் குச்சியாலும் மென்தூரிகையாலும் மெல்ல விலக்கி, பீடத்தின் அடியில் பலகை செலுத்தி, இருவர் மூவர் சேர்ந்து கீழிருந்து தாங்கி எடுத்தல் வேண்டும். மிகவும் நைந்த பொருளாயின், சூழ்ந்துள்ள மண்ணோடு ஒரு கட்டியாகவே எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவர். மெல்லிய தாள் சுற்றி, அதன்மேல் துணிப்பட்டையும் சாந்தும் இட்டுக் கட்டி எடுப்பது அம்முறை. அதனைப் பயிற்சி பெற்றோர் வரும்வரை விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது, கழுவாமை. இதனை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். புளி, எலுமிச்சை, திருநீறு, செங்கற்பொடி, கடையில் விற்கும் மெருகுப் பசை, அமிலம் ஆகிய எதனையும் இட்டுத் தேய்க்க வேண்டா. வெறும் நீராலும் கழுவ வேண்டா. புளியும் எலுமிச்சையும் காக்கும் களிம்பைக் கரைத்துவிடும், தின்னும் களிம்புக்கோ ஈரம் தரும். ஒட்டிய மண்ணோடு நிழலில் மெல்ல உலரவிட்டு, புளிப்பற்ற வெண்தாளிலோ தூய மெல்லிய பாலித்தீன் தாளிலோ தளர்வாகச் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் சிறுபைகளோடு பெட்டியில் வையுங்கள். செய்தித்தாள், கம்பளி, ரப்பர் வளையம் ஆகியவற்றை விலக்குங்கள். அவற்றிலிருந்து வெளிப்படும் புளிப்பும் கந்தகமும் உலோகத்துக்குக் கேடு.

மண்ணும் சான்று சொல்லும்

கழுவாமையின் பயனை உலகமே அறிந்த வழக்கு ஒன்று உண்டு. தஞ்சைத் தரணியில் பத்தூர் என்னும் சிற்றூர். அங்கே இடிந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயிலின் எல்லையில், 1976இல் கூலித் தொழிலாளி ஒருவரின் மண்வெட்டியில் நடராசப் பெருமான் திருமேனி தட்டுப்பட்டது. அத்திருமேனி பல கைகள் மாறி இலண்டன் மாநகரை அடைந்தது. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதனை விலைக்கு வாங்கிற்று. சீர்செய்வதற்காகப் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு வல்லுநரிடம் அஃது இருந்தபோது, 1982இல் இலண்டன் காவல்துறை கைப்பற்றியது.

இது பத்தூர் நடராசர் தானா என்பதே வழக்கின் கேள்வி. இந்தியத் தரப்பில் தொல்லியல் அறிஞர் இரா.நாகசாமி சான்றுரைத்தார். சிற்ப அமைதியோடு மற்றொன்றும் பேசப்பட்டது. திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும், கறையான் புற்று ஓடிய தடங்களும், அதே இடத்தில் கிடைத்த ஏனைத் திருமேனிகளில் கண்டவற்றோடு ஒப்பிட்டு ஆராயப்பட்டன. பத்தூர் கோயிலின் சிவலிங்கமே வழக்கில் ஒரு தரப்பாக நின்றது. 1988இல் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. 1991இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டே நடராசப் பெருமான் தமிழகம் திரும்பினார்.

திருமேனியைக் கண்டெடுத்தவர்களும் விற்றவர்களும் அதனை நன்றாகக் கழுவித் தேய்த்துப் பளபளக்கச் செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாம் அழுக்கென்று கருதும் மண், பெருமானின் சொந்த ஊரைச் சொல்லும் சாட்சியாயிற்று.

ஆய்வகத்தில் நிகழ்வது

உலக அளவில் அருங்காட்சியகத்துக்கெனத் தனி வேதியியல் ஆய்வகம் முதன்முதல் 1888இல் பெர்லின் நகரில் பிரீட்ரிக் ராத்கன் தலைமையில் தோன்றியது. முதல் உலகப் போரின்போது பிரித்தானிய அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாப்புக் கருதி நிலத்தடிச் சுரங்கத்தில் வைத்தனர். போர் முடிந்து எடுத்துப் பார்த்தபோது, ஈரத்தால் இரும்பு துருவேறியும் செம்பு பூத்தும் கற்களில் உப்புப் பொரிந்தும் இருக்கக் கண்டனர். அதன் விளைவாக அங்கும் 1920ஆம் ஆண்டில் ஆய்வகம் அமைந்தது. இந்தியத் தொல்லியல் துறை 1917இல் முகமது சனாவுல்லா என்பாரைத் தொல்லியல் வேதியியலராக அமர்த்திற்று. நம் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் ஆய்வகம் தொடங்கியது. பரமசிவன் என்னும் தமிழ் அறிஞர் அதன் முதல்வராக இருந்து, களிம்பு மூடிய திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையால் மீட்டெடுத்தார்.

அம்முறை இதுவாகும். திருமேனியை எரிசோடாக் கரைசலில் அமிழ்த்தி, சுற்றிலும் இரும்புத் தகடுகளை நிறுத்தி, மென்மையான மின்னோட்டம் செலுத்துவர். குளோரைடு திருமேனியைவிட்டு நீங்கித் தகட்டை நோக்கிச் செல்லும். பின்னர்க் காய்ச்சி வடித்த நீரில் பன்முறை ஊறவைத்து, எஞ்சிய உப்பை அகற்றுவர். உப்பு நீங்கியதா என்பதை வெள்ளி நைட்ரேட்டுச் சொட்டு ஒன்று காட்டிவிடும். உப்பு இருக்குமானால் நீர் பால்போல் வெளுக்கும். இம்முறை உறுதியான உலோகம் உள்ளே எஞ்சியிருக்கும் திருமேனிகளுக்கே பொருந்தும். பசும்படலம் முழுதும் நீங்கிவிடுவது இதன் குறை. ஆதலின் இந்நாளில் இதனை அளவோடே கையாளுகின்றனர்.

இன்று பெரும்பாலும் உருப்பெருக்கியின் கீழ் வைத்து, நுண்கருவியால் மண்ணையும் தின்னும் களிம்பையும் மட்டும் சிறிது சிறிதாக நீக்குகின்றனர். உள்ளங்கை அளவுப் பரப்புக்கே பல நாட்கள் ஆவதுண்டு. குளோரைடை வெளியேற்றச் சோடியம் செஸ்குவிகார்பனேட்டுக் கரைசலில் மாதக் கணக்கில் ஊறவைப்பதும் உண்டு. 1967 முதல் பென்சோடிரையசோல் என்னும் மருந்து வழக்கில் வந்தது. சாராயத்தில் கரைத்த இம்மருந்து செம்போடு பிணைந்து, ஈரம் உட்புகாத மெல்லிய திரையை உண்டாக்குகின்றது. இஃது உடலுக்குத் தீங்கு செய்ய வல்லதாதலின் கையுறையணிந்து வல்லுநரே கையாளல் வேண்டும். இறுதியாக, வேண்டும்போது கரைத்து நீக்கத்தக்க பாரலாய்டு போன்ற தெளிவான பூச்சினை இடுவர். இன்று நாம் செய்வதை நாளை வருவோர் நீக்கிச் சிறந்த முறை செய்ய இடம் தருதலே இத்துறையின் அறம்.

மருந்திடுமுன் நோயறிதல் வேண்டுமன்றோ? கல்பாக்கம் இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி மைய அறிவியலார் சென்னை அருங்காட்சியகத்தோடு இணைந்து, திருமேனிகளை எக்சு கதிர் முதலிய, பொருளுக்கு ஊறு செய்யாத முறைகளால் ஆராய்ந்துள்ளனர். உள்ளிருக்கும் வெடிப்பு, வார்ப்பின்போது நேர்ந்த குமிழி, முற்காலத்தில் ஒட்டிய ஒட்டு ஆகியவற்றைக் கதிர்ப்படம் காட்டும். ஒரு மனிதரின் கைரேகை போல அப்படம் அத்திருமேனிக்கே உரியது. பின்னாளில் போலியையும் உண்மையையும் பிரித்தறிய இதுவே துணை.

செப்பேடு, இரும்பு, மட்கலம், மரம்

திருமேனியோடு வேறு பொருள்களும் வெளிப்படும். ஒவ்வொன்றின் இயல்பும் வேறு, பேணும் முறையும் வேறு.

செப்பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் நெம்பிப் பிரிக்காதீர்கள். எழுத்தின் வெட்டு ஆழமற்றது. ஏட்டின் மேலுள்ள களிம்பிலேயே எழுத்து பதிந்திருக்கக்கூடும். வளையத்தை அறுத்தலும், ஏடுகளின் வரிசையை மாற்றுதலும் கூடா. வரிசை மாறினால் பாடலின் தொடர்ச்சியும் அறியப்படாமற் போகும்.

இரும்பு மிக விரைவாக அழிவது. வெளியே எடுத்த இரும்பில் வியர்வை போல மஞ்சள் நிறத் துளிகள் அரும்பும், பின்னர்த் தகடுதகடாக உரியும். ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களில் கிடைத்த இரும்புக் கருவிகள் நம் முன்னோரின் உலோகத் திறனுக்குச் சான்று. துருக்கட்டியாகத் தோன்றும் ஒன்றை எறிந்துவிடாமல், உலர்ந்த பெட்டியில் வைத்து ஒப்படையுங்கள்.

மட்கல ஓடுகளில் கீறல் குறிகளோ தமிழி எழுத்தோ இருக்கலாம். தேய்த்துக் கழுவினால் அவை மறையும். பானைக்குள் உள்ள மண்ணைக் கொட்டாதீர்கள். அதில் தானியமும் கரியும் இருக்கக்கூடும். கரித்துண்டைக் கையால் தொடாமல், சிறுகரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதிந்து வையுங்கள். அதனைக் கொண்டே காலத்தைக் கணிக்கின்றனர்.

மரத்தின் இயல்பு உலோகத்துக்கு நேர்மாறானது. உலோகத்தை உலர்வாக வைத்தல் வேண்டும், ஈரத்தில் கிடந்த மரத்தை ஈரமாகவே வைத்தல் வேண்டும். நீருள் காற்றுப் புகாத இடத்தில் கிடக்கும் மரம் நெடுங்காலம் வடிவம் மாறாதிருக்கும். வெயிலில் உலர்த்தினாலோ சுருங்கி வெடித்து உருவழியும். சுவீடன் நாட்டில் 1961இல் கடலிலிருந்து எடுத்த வாசா என்னும் பழைய கப்பலுக்கு, மெழுகு போன்ற கரைசலைப் பதினேழு ஆண்டுகள் இடைவிடாது தெளித்து, நீர் இருந்த இடத்தில் அதனை நிரப்பிக் காத்தார்கள். காஞ்சிபுரத்தில் அத்திமரத் திருமேனியினராகிய அத்திவரதர் திருக்குளத்து நீருள் எழுந்தருளி, நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை காட்சி தருவதை நாம் அறிவோம். 1979இலும் 2019இலும் அக்காட்சி கண்டோம். மரத்துக்கு நீரும் ஓர் உறைவிடமாகலாம் என்பதை இந்நாட்டு மக்கள் கண்முன் கண்டிருக்கின்றார்கள்.

வழிபாடும் பாதுகாப்பும்

இனி உங்கள் உள்ளத்தில் எழும் வினாவுக்கு வருகின்றேன். பெருமான் மண்ணிலிருந்து வெளிப்பட்டிருக்கின்றார். ஊரே திரண்டு பால் குடங்களோடு நிற்கின்றது. அபிடேகம் செய்யாதே என்று எவ்வாறு சொல்வது?

அடியார்களின் ஆர்வம் தூயது. அதனைத் தடுக்க வேண்டுவதில்லை, வழிப்படுத்துதலே வேண்டும். திருமேனியின் பொருளுக்கேற்ப வழிபாட்டை அமைப்பது நம் மரபில் புதிதன்று. சுதைத் திருமேனிக்கு நாம் நீராட்டுவதில்லை, தைலக்காப்பு அணிவிக்கின்றோம். வண்ண ஓவியமாக உள்ள மூர்த்திக்குக் கண்ணாடியில் நிழல் விழச்செய்து, அந்நிழலுக்கே நீராட்டுகின்றோம். பொருள் கெடாமல் வழிபடும் வழியைக் கண்டவர்கள் நம் முன்னோர். அதே நெறியில், மண்ணிலிருந்து வெளிப்பட்ட திருமேனிக்கும் சிகிச்சை முடியும்வரை மலர் தூவியும், சற்று விலகித் தீபம் காட்டியும் வழிபடலாம். அபிடேகத்தைக் கண்ணாடி நிழலுக்கோ கும்பத்துக்கோ செய்யலாம். பாலும் இளநீரும் பஞ்சாமிர்தமும் வெடிப்புகளுள் தங்கி நோயை வளர்க்காமல் இருக்கும். சிகிச்சைக்குப் பின் அத்திருமேனி மீண்டும் வழிபாட்டுக்கு உரியதா என்பதை ஆகமம் வல்லாரும் தபதியாரும் கூடித் தீர்மானிக்கட்டும். வேதியியலாரின் பணி, அத்தீர்மானம் செய்யும் நாள்வரை திருமேனி அழியாமல் காத்துத் தருவது.

நாள்தோறும் வழிபாட்டில் உள்ள ஐம்பொன் திருமேனிகளுக்கும் இரண்டு சொல். இளநீரிலும் உப்புச்சத்து உண்டு. அபிடேகம் முடிந்தவுடன் நல்ல நீரால் நன்கு நீராட்டி, பீடத்தின் இடுக்கிலும் திருவாசியின் அடியிலும் ஈரம் தங்காதவாறு உலர்ந்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். மாசிமகக் கடலாட்டில் தீர்த்தம் கொடுத்த அத்திரதேவரை அன்றே நன்னீராட்டி உலர்த்துங்கள்.

பாதுகாப்புக் கருதிப் பூட்டிய அறைகளில் வைத்துள்ள திருமேனிகளை மறந்துவிட வேண்டா. களவிலிருந்து காத்த அறையே காற்றோட்டமின்றி ஈரம் தங்கினால் நோய்க்கு உறைவிடமாகிவிடும். சுவரை ஒட்டாமலும் தரையில் படாமலும் பலகைமேல் எழுந்தருளச் செய்யுங்கள். சில மரப்பெட்டிகளும் ஒட்டுப்பலகைகளும் வெளியிடும் புளிப்பு ஆவி காரீயத்தை அரிக்கும் என்பதால் அவற்றைத் தவிருங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் விளக்கொளியில் ஒவ்வொன்றையும் பார்த்து, வெளிர்பச்சைப் பொடி தென்படுகின்றதா என்று பதிவேட்டில் குறியுங்கள். தென்பட்டால் அத்திருமேனியைத் தனியே உலர்ந்த இடத்தில் வைத்து, மேலலுவலர் வழியே அருங்காட்சியக வேதியியலாருக்கு எழுதுங்கள்.

நிறைவு

அன்பர்களே! பகை வந்த காலத்தில் இரவோடு இரவாகக் குழி தோண்டி, தாம் வழிபட்ட பெருமானைக் கண்ணீரோடு மண்ணில் மறைத்தவர்களின் பெயர்களை நாம் அறியோம். என்றேனும் ஒருநாள் தம் வழித்தோன்றல்கள் எடுத்து வழிபடுவார்கள் என்னும் நம்பிக்கை ஒன்றே அவர்களுக்குத் துணையாக இருந்தது. அந்நம்பிக்கைக்கு உரியவர்கள் நாம். மண்ணைக் கழுவாமல் வைப்பதும், கிடந்த திசையை ஓர் ஏட்டில் எழுதுவதும், கையைப் பற்றாமல் அடியில் தாங்கி எடுப்பதும் எளிய செயல்கள். அவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா, பொறுமை ஒன்றே போதும். அப்பொறுமையும் ஒரு திருத்தொண்டே எனக் கொண்டு, உங்கள் திருக்கோயில் பணியாளர் ஒவ்வொருவருக்கும், மண் வெட்டும் தொழிலாளர் உட்பட, இச்செய்தியை எடுத்துச் சொல்லுமாறு வேண்டுகின்றேன்.